பத்து விரலில் இரண்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடி வரை ஜன்னலோர சீட்.

வேலை கிடைத்துவிட்டது. இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன், வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. வருகிற பெட்டிகளின் சீல் நம்பரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நாற்காலி உண்டு. ஃபேன் உண்டு. கழுத்தில் போட்டோ போட்ட அட்டை. பதினோரு வருஷமாக இறால் கம்பெனியில் நின்றபடி ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தவளுக்கு நாற்காலி!

ஒரே ஒரு சிக்கல். யார்டு கேட்டில் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். ஆளுக்கு இரண்டு விரலாவது மெஷினில் பதிய வேண்டும். என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். பத்துக்கும் சிவப்பு விளக்கு.

ஆபீசில் பிரபு சார் (என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர், ஆனாலும் சார்) மெஷினைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். “விரல்ல கோடே இல்லியே அக்கா. எங்கன போச்சு?”

“இறால்ட்டதான் கேக்கணும் சார்.”

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: 16ஆம் தேதி திங்கள் வரை பார்ப்பார்களாம். அதற்குள் பதியாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள்.

வீட்டுக்கு வந்து வாசல் வெயிலில் விரலைப் பார்த்தேன். கட்டைவிரல் உரித்த இறால் மாதிரியே வழுவழு. ஓரமெல்லாம் வெடிப்பு. இத்தனை வருஷம் இதை நான் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 4, புதன்

இறால் கம்பெனிக்குப் போகவில்லை. சொல்லியாயிற்று. மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போகட்டும்.

என் கூட்டுக்காரி புஷ்பம், பக்கத்து மேஜையில் உரிப்பவள், ஒரு ட்யூப் பெயர் சொன்னாள். மருந்துக்கடை அண்ணாச்சி கேள்வியே கேட்காமல் எடுத்துத் தந்தார். “ரெண்டு வேள தேயும்மா. படை, அரிப்பு, வெடிப்பு, எல்லாத்துக்கும் கேக்கும்.”

எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்து என்றதும் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். (இனி வீ. அவர் ஓட்டும் படகைக் கரையில் ஏற்றி வேலை பார்க்கிறார்கள். மாசம் முழுக்க வீட்டில்தான்.) “முதல்ல டாக்டர்ட்ட போளா. பொறவு தேய்க்கலாம்” என்கிறார். சரி.

பிப்ரவரி 5, வியாழன்

தோல் டாக்டரம்மா. நல்லவேளை போனேன்.

ட்யூபை வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தரவில்லை. ஸ்டீராய்டு கலந்ததாம். கேட்காமல் கொள்ளாமல் தேய்த்தால் தோல் இன்னும் மெலிந்துபோகுமாம். இருக்கிற தோலே எனக்குப் போதவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவீங்க?”

விரல் விட்டு எண்ணினேன். கம்பெனியில் குளோரின் தண்ணீரில் முக்குவது தனி. வீட்டுக்கு வந்ததும் துணி சோப்பு. பிறகு எலுமிச்சம்பழ மூடியால் தேய்ப்பது. மோந்து பார்ப்பது. மறுபடி சோப்பு. நாங்கள் எல்லோருமே அப்படித்தான். கவுச்சி போக வேண்டாமா?

“பஸ்ல பக்கத்துல இருக்கவ மூக்கப் பொத்துவா டாக்டர். கோயில்ல தள்ளி உக்காருவாங்க.”

டாக்டர் என் கையை விடாமல் பிடித்திருந்தார். “இறால் பாதித் தோலை எடுத்துச்சு. மீதிய நீங்களே தேய்ச்சு எடுத்துட்டீங்க.”

கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், ஆமாம்.

கோடு அழிந்தே போகவில்லையாம். அடியில் இருக்கிறதாம். மேல்தோல் தேறினால் திரும்ப வருமாம். பதினோரு நாளில் வருமா? “வரலாம். கையைச் சும்மா விட்டா.”

அவர் சொன்னவை, மறக்குமுன்:
– எலுமிச்சை, துணி சோப்பு, ப்ளீச்சிங் பவுடர் கூடவே கூடாது.
– தேவைக்கு மட்டும் கழுவு. வாசமில்லாத சோப்பு. சுடுதண்ணீர் வேண்டாம்.
– துண்டால் ஒற்று. தேய்க்காதே. விரல் இடுக்கும்.
– ஈரம் முழுசாகக் காயுமுன் வாசலின்.
– படுக்கும்போது வாசலின் தடவி, மேலே பருத்தி உறை.
– பாத்திரம் கழுவ, ரப்பர் உறைக்குள் பருத்தி உறை.
– மெஷினில் வைக்கிற அன்றைக்குக் காலையில் எதுவும் தடவாதே.
– மோந்து பார்க்காதே. (இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.)

வந்ததும் கட்டைவிரலில் கண்மை தடவி இந்தப் பக்கத்தில் ஓர் அச்சு வைத்தேன். கறுப்பு அப்பல். அவ்வளவுதான், கோடே இல்லை.

பிப்ரவரி 7, சனி

கை கழுவியது: 9. எட்டாவதும் ஒன்பதாவதும் சும்மா, பழக்கத்தில்.

வீ. பாத்திரம் கழுவுகிறார். “ஏளா, இந்தச் சட்டிய எத வச்சுத் தேய்க்க?” “நாரை வச்சுதான்.” “நாரு எங்கன இருக்கு?” இருபது வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறது.

மீனும் அவரே கழுவுகிறார். சாளை மீனில் செதில் பாதி இருந்தது. துப்பித் துப்பிச் சாப்பிட்டேன். நல்ல மனுஷன்.

பிப்ரவரி 9, திங்கள்

கழுவியது: 6. காற்று அதிகம். முகம்கூட வறண்டது. மிச்ச வாசலினை வீ.யின் குதிகால் வெடிப்பில் தடவிவிட்டேன், கூச்சப்பட்டார்.

வெடிப்பு மூடிவிட்டது. எரிச்சல் இல்லை. புளி கரைத்தேன், எரியவில்லை! புளியில் கைவைத்தால் எரியும் என்பது எல்லோருக்கும் உள்ளது என்றல்லவா நினைத்திருந்தேன்.

கோடு? இன்னும் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

கோடு!

இடது மோதிர விரல். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சுழி சுழியாகத் தெரிகிறது. வீ. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இருக்குளா. வலை கணக்கா இருக்கு.” கண்மை அச்சு இதோ, இந்தப் பக்கத்து ஓரத்தில். எண்ணினேன், பதினேழு கோடு.

அது ஏன் மோதிர விரல்? உரித்துக் காட்டச் சொன்னார் வீ. இறால் இல்லாமல் வெறுங்கையால் உரிப்பது போலக் காட்டினேன். இடது கட்டைவிரலும் ஆள்காட்டியும் இறாலைப் பிடிக்கும், வலது கை உரிக்கும், மோதிர விரல் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். பதினோரு வருஷம் வேலையே செய்யாத சோம்பேறி. முத்தம் கொடுத்தேன் அதற்கு.

இன்னும் ஒன்று வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

கழுவியது: 5. இரண்டு கட்டைவிரலிலும் மங்கலாக ஏதோ. கோடா, என் ஆசையா தெரியவில்லை.

புஷ்பம் வந்தாள். என் கையைத் தடவிப் பார்த்தாள். “ஏளா, பிள்ளை கை மாதிரில்லா இருக்கு.” தன் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியுமுன்பே எழுந்தேன். குளித்தேன். இஸ்திரி போட்ட நீலச் சேலை. கிளம்புகிற நேரத்தில் கையை மோந்தேன். கவுச்சி அடித்தது போல இருந்தது. அடுப்படியில் வீ. மீனுக்காக வெட்டி வைத்த எலுமிச்சை மூடி. என்ன செய்கிறேன் என்று தெரியுமுன் வலது கை முழுக்கத் தேய்த்துவிட்டேன்.

வீ. ஓடி வந்து பிடுங்கினார். “கிறுக்கியா நீ? பதிமூணு நாளா பச்ச மீனே தொடலயே, கவுச்சி எங்கருந்து வரும்?”

அழுதேன். வலது கை சிவந்துவிட்டது. இடது கையை அவரே தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸிலும் விடவில்லை.

யார்டு. பிரபு சார். வலது கை: ஐந்துக்கும் சிவப்பு.

இடது. மோதிர விரல்: பச்சை! முதல் தரமே.

சுண்டு விரல்: சிவப்பு. நடுவிரல்: சிவப்பு. ஆள்காட்டி: சிவப்பு. கட்டைவிரல்: சிவப்பு. மறுபடி. சிவப்பு. பிரபு சார் கடிகாரத்தைப் பார்த்தார். வீ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார், ஜெபம் சொல்வது உதட்டில் தெரிந்தது.

“கடைசியா ஒருக்கா அக்கா. அழுத்தாதிய. சும்மா வைங்க.”

கட்டைவிரலைச் சும்மா வைத்தேன்.

பச்சை.

பிரபு சார் எழுந்து நின்றார். என்னத்துக்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நானும் நின்றேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

முதல் நாள். காலைப் பூசையில் பங்குச் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். பக்தியாக இருந்திருக்க வேண்டும், நான் அவர் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். நல்ல கோடு.

கேட்டில் மோதிர விரலை வைத்தேன். திறந்தது. உள்ளே போய்விட்டு வெளியே வந்து மறுபடி வைத்தேன். காவலாளி: “என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டியளா?” “இல்லண்ணே. திறக்கான்னு பாத்தேன்.”

நாற்காலி சுற்றுகிறது! யாரும் சொல்லவே இல்லை.

மத்தியானம் பிரபு சார் சொன்னார், அடுத்த மாசம் இன்னொரு ஆள் எடுப்பார்களாம். பத்தாவது பாஸ் போதும். புஷ்பம் பத்தாவது பாஸ்.

யார்டிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே இழுத்து, கட்டைவிரலில் கண்மை தடவி, பையிலிருந்த இந்த நோட்டில் இங்கேயே அச்சு வைத்தேன். கறுப்பு அப்பல். ஒரு கோடும் இல்லை. கீழே அவள் பெயரும் தேதியும்.

வரும்போது அவள் அடுப்படியில் இருந்த எலுமிச்சம்பழம் நாலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.