அட்டை வாய் வைத்த விரல்

ஜூன் 11, புதன்

கம்பெனி வேன் இன்றும் லேட். பனித்திட்டிலிருந்து சேதராப்பட்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு தூக்கம் முடிந்துவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற சந்தோஷத்தில் வீட்டுக்காரர் காலையிலிருந்து படகு இன்ஜினோடுதான் குடித்தனம். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழவில்லை.

ஜூன் 14, சனி

இடது கை எழுத்து. வியாழக்கிழமை பிரஸ் மெஷினில் வலது கட்டைவிரல் துண்டாகிவிட்டது. ஒட்டவைத்திருக்கிறார்கள். முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து மெஷின் வனஜாதான் விரலைக் கொண்டுவந்தாள். நான் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தபோது அவள் தேடி எடுத்து, கவரில் போட்டு, ஜூஸ் கடை ஐஸுக்குள் வைத்து, அரியூர் ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். மீனை ஐஸில் வைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் விரலும் அப்படியே வந்திருக்கிறது. சிரிப்பதா, அழுவதா?

இன்று எல்லாப் படகும் கடலுக்குப் போய்விட்டது. இவர் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

விரல் நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கிவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் வைஜெயந்தி வந்து பார்த்தார். "ரத்தம் உள்ள போகுதும்மா. திரும்பி வர்ற குழாய்தான் அடைச்சிருக்கு. இப்படியே விட்டா விரல் தங்காது." பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அட்டை விடலாம்" என்றார்.

அட்டையா?

"இன்னா டாக்டர், வயக்காட்டு அட்டையா?" இவர் எழுந்து நின்றுவிட்டார்.

இல்லையாம். வைத்தியத்துக்கென்றே சுத்தமாக வளர்த்ததாம். தேங்குகிற ரத்தத்தை அது குடித்துக்கொண்டிருந்தால், அதற்குள் உடம்பு தானாகவே புதுக் குழாய் வளர்த்துக்கொள்ளுமாம்.

எனக்கு அட்டைன்னாலே ஒடம்பு கூசும். வேணாம், விரலே வேணாம், எடுத்துடுங்கன்னு கத்திட்டேன். இவர் என் இடது கையைப் பிடிச்சிக்கினு உக்காந்திருந்தார். அப்புறம், "நான் பாத்துக்கறேன் பிரேமா. நீ மூஞ்சியத் திருப்பிக்கோ."

ஜூன் 17, செவ்வாய்

திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தேன். கை கோணினாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நர்ஸ் கல்பனா இடுக்கியால் எடுத்து விரல்மேல் விட்டார். பாசி நிறம். அது நெளிந்தது, சுற்றியது, கட்டுத்துணிப் பக்கம் நகர்ந்தது. கடிக்கவில்லை. மறுபடி எடுத்து விட்டார். மறுபடியும் இல்லை.

"கடிக்கலன்னா இன்னா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"உயிர் போன சதையில அது வாய் வைக்காது மணிமாறன்."

என் அருவருப்பு எங்கே போனதோ! கடி, கடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு அட்டையிடம்!

கல்பனா ஊசியால் குத்தி ஒரு துளி வரவழைத்தார். கறுப்பு ரத்தம். அட்டை தலையைத் தூக்கியது. தேடியது. நகத்தோரமாகக் குனிந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"பிடிச்சிடுச்சு" என்றார் டாக்டர், மெதுவாக. "விரல்ல உயிர் இருக்கு."

கடித்தது எனக்குத் தெரியவில்லை. விரல் மரத்துப்போய்க் கிடக்கிறது. ஆனால் அட்டை பருக்கப் பருக்க, கண்ணெதிரே கறுப்பு ஊதாவாகி, ஊதா வெளுத்து, பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி ஒரு நிறம் வந்ததே! அத்தனை மெஷின் இருக்கிற அறையில் நாங்கள் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எலும்பில்லாத அந்தச் சின்ன ஜீவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு என்ன தெரியும்? பசி தெரியும். அவ்வளவுதான். அந்தப் பசி என் விரலைக் காப்பாற்றுகிறது.

ஜூன் 18, புதன்

வயிறு நிறைந்ததும் அட்டை தானாகவே விழுந்துவிடுகிறது. விழுந்த பிறகும் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தானாம்.

விழுந்ததை ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இன்று அதைப் பார்த்துவிட்டு இவர் கல்பனாவிடம் போய், "ஏம்மா, இத பாகூர் ஏரியில வுட்டுடட்டுமா? நானே எடுத்துனு போறேன்" என்றார்.

"விடக்கூடாதுண்ணா. ஒருத்தர் ரத்தம் குடிச்சது வெளிய போகக்கூடாது."

இவர் தலையாட்டினார். கூடை கூடையாக மீன் துடித்துச் சாவதைப் பார்த்த மனுஷன், ஸ்பிரிட் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

கசிந்து கசிந்து உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டதாம், ஏற்றினார்கள். யாரோ ஒருவர் ரத்தம் எனக்குள், என் ரத்தம் அட்டைக்குள். நினைத்தால் தலை சுற்றுகிறது. பயத்தில் இல்லை.

ஜூன் 23, திங்கள்

"இனிமே அட்டை வேணாம்" என்றார் டாக்டர். ரத்தம் வழி கண்டுபிடித்துவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு

வலது கை எழுத்து. கோணலாக ஓடுகிறது, ஆனாலும் வலது கை. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கட்டைவிரல் வளைகிறது, பிடிக்கிறது. தொட்டால் மட்டும் யாருடைய விரலோ மாதிரி இருந்தது, இன்று காலை வரைக்கும்.

இவர் கொண்டுவந்த கெளுத்தியை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுருக்கென்று முள் ஏறியது. "ஐயோ!" என்று கத்திக் கையை உதறினேன். இவர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எந்த விரல்டி?"

நீட்டினேன். இரண்டு பேரும் பார்த்தோம். கட்டைவிரல் நுனியில் ஒரு துளி, நல்ல சிவப்பு.

"வலிக்குதா?"

"வலிக்குதுய்யா."

என் கையைப் பிடித்தபடி மீன் கழிவுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுதும்போதும் விண்விண்ணென்று தெறிக்கிறது. மருந்து போடவில்லை. கொஞ்சம் இருக்கட்டும்.