எண்ணெய் துடைக்க விரும்பாதவர்

மச்சான் ரகு, எண்ணெய் மணத்தோடு வீட்டுக்குள் வந்து என் தங்கச்சியிடம் நாள்தோறும் ஏச்சு வாங்கிய என் அருமைக்காரனே,

உன் ரிமோட் விமானம் விழுந்துவிட்டது. எஞ்சின் ஆகாயத்திலேயே இறுகி நின்றுவிட்டது. இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே ஒரு மனிதர், காரணம் நீதான் என்று சொல்லித் திரிந்தார். செத்தவன் எழும்பி வந்து மறுத்துப் பேச மாட்டான் என்பது சிலருக்கு எவ்வளவு பெரிய வசதி!

ஆள் யாரென்று உனக்கு விளங்கியிருக்கும். ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடும் நம் கழகத்தின் தலைவர். கட்டட ஒப்பந்தக்காரர். சேற்று வெளிக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர். அவரைப் பற்றி நீ ஒருநாளும் ஒரு கெட்ட சொல் சொன்னதில்லை. "அவர் அப்பிடித்தான், பரவாயில்லை மச்சான்" என்பாய். உன்னைப் போன்றவர்களின் பரவாயில்லைகளைத் தின்றுதான் அந்த மனிதர் இவ்வளவு கொழுத்தார். கோபிக்காதே, இருக்கும்போது சொல்லத் துணியாததை இப்போது சொல்கிறேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகும் நேரம், அவர் உங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டுக்கு வந்தார். தங்கச்சி ஜெசிந்தா தேத்தண்ணி கொடுத்தாள். உன் நினைவாக ஒரு பறப்பு வைக்க வேண்டும், உன் மஞ்சள் விமானத்தைத் தன் கையாலேயே பறக்கவிட வேண்டும் என்றார். லேஞ்சியை எடுத்துக் கண்ணையும் துடைத்தார். நீ நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வாசலைக்கூட மிதிக்காதவருக்கு அன்று அவ்வளவு கண்ணீர் எங்கிருந்து வந்தது? ஜெசிந்தா ஓம் என்றாள். உன்னை நாலு பேர் ஒன்றுகூடி நினைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

எரிபொருளை நானே கலந்தேன். பல்கனியில் நீ கலக்கும்போது பக்கத்தில் நின்று உன் விரிவுரையைக் கேட்ட பாவத்துக்கு எனக்கு அது மனப்பாடம். எரிபொருளில் பெரும்பங்கான மெதனோலுக்கு வழுவழுப்புக் கிடையாது. இந்தச் சின்ன எஞ்சின்களில் எண்ணெய் ஊற்ற வேறு இடமும் கிடையாது. எரிபொருளோடு சேர்ந்து போகிற எண்ணெய்தான் உள்ளே அசையும் அத்தனைக்கும் காவல். அதிலும் உன் எஞ்சின் பழையது. பெயாரிங் இல்லாமல் வெறும் வெண்கலப் புஷ்ஷில் சுழல்வது. அதற்கு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வேண்டும், அதுவும் ஆமணக்கெண்ணெய்தான் வேண்டும், சூடேறினாலும் அது கைவிடாது என்பாய். புறக்கோட்டையில் உன் அப்பாவின் புடவைக் கடைக்குப் பின்தெருவில் நீ வாங்கும் அதே கடையில்தான் வாங்கினேன். கடைக்கார முதலாளி உன்னை விசாரித்தார். நீ இல்லை என்றதும் அளந்த போத்தலை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதுதான் மச்சான், உனக்கு நடந்த உண்மையான அஞ்சலி.

ஞாயிறு காலை பொல்கொட ஏரிப் பக்கத்து வெளியில் எல்லோரும் கூடினோம். தலைவர் உன்னைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினார். பேச்சில் நீ இருந்த நேரத்தைவிட அவர் இருந்த நேரம் அதிகம். பிறகு விமானத்தைத் தூக்கி மேசையில் வைத்தார். நான் என் போத்தலை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏதோ மூத்திரப் பரிசோதனைக்கு வந்த போத்தல் போல இரண்டு விரலால் என்னிடமே திருப்பித் தந்தார்.

"கிறிஸ்டி, இவ்வளவு எண்ணெய் இப்ப ஒருத்தரும் போடுறேல்லை. இது பழைய ஆக்களின்ர பயம். என்ர மிக்ஸைப் போடுவம்."

அவருடைய கலவை என்னவென்று உனக்குத் தெரியும். நூற்றுக்கு எட்டுப் பங்கு எண்ணெய், அதுவும் செயற்கை எண்ணெய். எண்ணெய் குறைந்தால் சுழற்சி கொஞ்சம் கூடும், விமானம் துப்புரவாக இறங்கும், இறக்கையைத் துடைக்கத் தேவையில்லை. அந்த மனிதரின் விஞ்ஞானம் முழுவதும் அவருடைய சட்டைக் கையில்தான் இருக்கிறது. அவருடைய எஞ்சின்கள் புதியவை, ஓரளவுக்குத் தாங்குகின்றன. தாங்காதபோது தூக்கி எறிந்துவிட்டு வேறு ஒன்று எடுக்கிறார். அதைத்தான் அனுபவம் என்று கூப்பிடுகிறார்.

நான் விடவில்லை. எஞ்சின் பழையது, அதற்குப் பழைய எண்ணெய்தான் வேண்டும், இது ரகுவின் சாமான், ரகு சொன்னபடி செய்வோம் என்றேன். அவர் என் தோளில் தட்டினார். தோளில் தட்டுவதற்கென்றே சில பேருக்குக் கடவுள் கை படைத்திருக்கிறார். வங்கியில் வேலை செய்கிற எனக்கு எஞ்சின் என்ன தெரியும் என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். ஜெசிந்தா என் கையைப் பிடித்து, "அண்ணா, இண்டைக்குச் சண்டை வேண்டாம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு நான் என்ன செய்ய?

விமானம் எழும்பியது, மச்சான். அழகாகத்தான் எழும்பியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அது போதவில்லை. ஏற்றுவதற்கு முன்பே ஊசி வால்வைத் திருகித் திருகி உள்ளே போகும் எரிபொருளைக் குறைத்திருந்தார், சத்தம் கூர்மையாக வேண்டுமாம். உன் கையில் அது போகும்போது வாலுக்குப் பின்னால் வெள்ளைப் புகைக் கோடு ஒன்று போகும், தெரியுமே? அன்று கோடு இல்லை. வெறும் சத்தம். அந்தச் சத்தமும் மேலே மேலே ஏறி, சீழ்க்கை போலாகி, அப்படியே வெட்டியதுபோல் நின்றது. சுழலி அசையவில்லை. அந்த நிலையிலும் நீ என்றால் மெல்ல மிதக்கவிட்டு இறக்கியிருப்பாய். அவர் பதறி மூக்கை மேலே இழுத்தார். விமானம் ஒரு பக்கம் சரிந்து நாணல் புதருக்குள் விழுந்தது.

கழகத்தில் எல்லோருக்கும் சிங்கள அண்ணனான நிமல் அய்யேதான் இடுப்பளவு சேற்றில் இறங்கி எடுத்து வந்தார். தலைவர் இறங்கவில்லை. சட்டை, பார்.

பிறகு அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். எல்லோருக்கும் கேட்கும்படி, துக்கம் கலந்த குரலில் சொன்னார்: "ரகு நல்ல மனுசன். ஆனா எஞ்சினைக் கவனமாப் பார்க்கேல்லை. பாவம்." அன்று பின்னேரம் கழகத்தின் வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதினார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். உன் மேசையில் சோறு தின்ற கைகள் அவை.

வாகனத்தில் திரும்பி வரும்போது ஜெசிந்தா விமானத்துக்காக அழவில்லை. இரத்மலானை தாண்டும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் கவனமில்லாத ஆளா, அண்ணா?" எனக்கு அவ்வளவு கோபம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

எஞ்சினைக் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினேன். பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கொன்ரொட்டின் அடி முனை கருகி, தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. பிஸ்டன் பக்கங்களில் நகத்தால் கீறியது போலக் கோடுகள். உள்ளே விரலை விட்டால் ஈரம் இல்லை. வெளியே மட்டும் நீ இத்தனை வருடம் ஓட்டியதால் ஏறிய ஆமணக்கெண்ணெய்ப் பழுப்பு நிறம், பழைய வயலின் மாதிரி. விமானத்தின் எரிபொருள் தாங்கி உடையவில்லை. அதற்குள் அவருடைய எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை ஒரு சின்னப் போத்தலில் வடித்து இறுக மூடி வைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் ஜெசிந்தாவும் போனோம். அவருடைய பெரிய வாகனம் வெயிலில் நின்றது. அதன் பொனட்டில் இரண்டு தேத்தண்ணிச் சோசர்களை வைத்தேன். ஒன்றில் அவருடைய கலவை, மற்றதில் அதே அளவு என் கலவை. மெதனோல் காற்றில் பறந்துவிடும், எண்ணெய் மட்டும் மிஞ்சும், கொஞ்சம் பொறுங்கோ என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தலைவர் ஓடி வந்தார். விளக்கம் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"பெயின்ட் போயிடும், எடு எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. வெயில் தன் வேலையைச் செய்தது. கடைசியில் என் சோசரில் எண்ணெய் தேன் போலத் தேங்கி நின்றது. மற்றதில் யாரோ நக்கிவிட்டுப் போனது போல ஒரு மினுமினுப்பு. பக்கத்தில் கருகிய கொன்ரொட்டையும் வைத்தேன். நிமல் அய்யே மட்டும் இரண்டு சோசரையும் விரலால் தொட்டுப் பார்த்து, பெருவிரலில் தேய்த்து, ஜெசிந்தாவிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவரோ, உலோகத்துக்கு வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே பொனட்டைத் துடைத்தார். மற்றவர்கள் மழை வருமா என்று பார்த்தார்கள். நீ இவர்களைத்தான் நண்பர்கள் என்று சொன்னாயா, மச்சான்?

நீ நினைப்பாய், அதோடு அவருக்குத் தலைமைப் பதவி போயிருக்கும் என்று. போகவில்லை. போட்டியில்லாமல் திரும்பவும் தெரிவானார். கைதட்டலும் கிடைத்ததாம்.

அதற்குப் பிறகு அவர் ஒருநாள் மறுபடி ஃபிளட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். இந்த முறை கண்ணீர் இல்லை, ஒரு யோசனை இருந்தது. வருடாந்தப் போட்டிக்கு உன் பெயரில் ஒரு வெற்றிக் கோப்பை வைப்பாராம், பெயரைப் பெரிய எழுத்தில் பொறிப்பாராம், ஜெசிந்தா வந்து கையளிக்க வேண்டுமாம். நீயாக இருந்தால் உருகி நன்றி சொல்லியிருப்பாய். நான் வாய் திறக்கப் போனேன். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவர் எஞ்சினைக் கவனமாப் பார்க்காத ஆள் எண்டு நீங்கதானே எழுதினீங்க" என்றாள். "அப்பிடிப்பட்ட ஆளின்ர பேரில ஏன் உங்களுக்குக் கோப்பை?"

அது அந்த நேரத்தில் சொன்ன ஒரு சொல், மனதில் வைக்க வேண்டாம், தங்கச்சி என்றார் அவர்.

"அப்ப எழுதின இடத்திலேயே பிழை எண்டு எழுதுங்கோ. எழுதிப்போட்டு வாங்கோ, கோப்பையைப் பற்றிக் கதைப்பம்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. தேத்தண்ணியும் கொடுக்கவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். இன்றுவரை எழுதவில்லை. ஒரு வரி, மச்சான். விரலால் தட்டினால் முடிகிற ஒரு வரி. அதற்குப் பதிலாகக் கோப்பையில் தன் அப்பாவின் பெயரைப் பொறித்துவிட்டார். அந்தப் பெரியவர் தன் ஆயுளில் ஒரு பட்டம்கூட விட்டிருக்க மாட்டார்.

உன் எஞ்சின் இனி ஓடாது. அதற்குரிய உதிரிப்பாகங்கள் எங்கேயும் இல்லை, விசாரித்துக் களைத்துவிட்டேன். இறக்கையை நிமல் அய்யே ஒட்டித் தந்திருக்கிறார். ஜெசிந்தா இப்போது சரியாகச் சாப்பிடுகிறாள். போன கிழமை என்னோடு சண்டைகூடப் பிடித்தாள், அதனால் பயப்படாதே.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ஒரு வரி எழுதப்படும் வரை அந்தக் கூட்டத்தில் எவனையும் உன் பெயரைச் சொல்லி ஒரு மாலை போட, ஒரு நிமிடம் மௌனமாக நிற்க நான் விடமாட்டேன். நிற்பதற்கு எழும்பினால், நடுவில் போய் நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டே இருப்பேன்.

உன் பெண்சாதிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
கிறிஸ்டி
கொட்டாஞ்சேனை