கேட்காமல் நேர்ந்த முடி

புனே

மருமகள் புஷ்பலதாவுக்கு மாமியார் ஜெயம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். திருத்தணியில் உன் மாமனாருக்கு மூட்டுவலி தேவலையா?

நான் வேலை செய்கிற வீட்டுப் பெண் பிரியங்கா மனோதத்துவம் படிக்கிறாள். "நீங்க யாருன்னு பத்து பதில் சொல்லுங்க பாட்டி" என்றாள், ஏதோ பரீட்சைக்காம். சொல்லச் சொல்லப் பத்தும் பிறர் எனக்குச் செய்த கொடுமையாகவே வந்தது. என் மாமியார் என்னைக் கேட்காமலே என் முடியை முருகனுக்கு நேர்ந்துகொண்டு, இருபது வயதில் மொட்டை போட வைத்ததைத்தான் முதலில் சொன்னேன்.

"சரி, நீங்க செஞ்சது ஒண்ணு?" என்றாள்.

"போடி, வேலை கெடக்குது" என்று எழுந்துவிட்டேன். ஆனால் மலைமேல் நீ மொட்டைத் தலையோடு அழுதது எனக்கு மறக்கவில்லை. உன்னைக் கேட்காமல் நேர்ந்தது நான்தான்.

இப்போது எட்டாவது படிக்கிற கவிப்பிரியாவின் முடியையும் ஆடிக் கிருத்திகைக்கு நேர்ந்து வைத்திருக்கிறேன். உன் மகள் தலையில் யாரையும் கை வைக்க விடாதே. நான் வந்து என் முடியைக் கொடுக்கிறேன்.

என் பழைய கம்பளியை அனுப்பு. இங்கே குளிர், பேச்சுத் துணையும் இல்லை. குக்கர் விசில் அடிக்கிறது.

என் மாமியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

ஜெயம்மா