சுவிட்ச் இருந்த இடம்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இரண்டு பேருடைய நினைப்பும். நாங்களும் நலம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அடித்தது தெரிகிறதல்லவா, இருக்கட்டும். வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு நீ எழுதியதற்கு ஆறு வாரம் தாமதமாகப் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் கூப்பிட்டால் அம்மா அவசர அவசரமாக வைத்துவிடுகிறாள் என்று மாமாவிடம் குறைப்பட்டாயாம். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்டி, எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாமா அவரைக் கை மாவுக்கட்டைப் பிரிக்க அழைத்துப் போயிருக்கிறான், திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் எழுதி முடித்துத் தபாலிலும் போட்டுவிட வேண்டும். மாவுக்கட்டா என்று பதறாதே, எலும்பு கூடிவிட்டது. விஷயம் அது இல்லை, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ போனதிலிருந்தே அப்பா ஒரு மாதிரிதான் இருந்தார். ஸ்டுடியோவில் வேலை குறைத்துக்கொண்டார், நான் கயிறு முடிந்து செய்கிற சுவர்த் தோரணங்களை முன்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் படம் எடுத்துத் தருவார், இந்த வெளிச்சத்தில் வேண்டாம் காலையில் எடுக்கிறேன் என்று அடம் பிடிப்பார், அதையும் நீயே போன்ல எடுத்துக்கோ என்று தள்ளிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் படம் எடுத்துக் கொடுத்ததில் நாலு பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கின்றன, ஓரத்தில் ஒரு பையனுக்குப் பாதி முகமே இல்லை, அந்தத் தலைமையாசிரியை நேரில் வந்து, ஏன் சார், எடுத்தப்புறம் ஒரு தடவை பாக்கறதில்லையான்னு கேட்டுவிட்டுப் போனார். அப்பா கேமராவுக்கு வயசாயிடுச்சு என்றார். நான் நம்பினேன். நீ இல்லாத ஏக்கம் என்றும் நினைத்துக்கொண்டேன். வீட்டை மாற்றினால் மனுஷர் மாறுவார் என்று என் புத்திக்குத் தோன்றியது, அதுதான் நான் செய்த தப்பு.

கொத்தனாரைக் கூப்பிட்டு ஹாலுக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்கச் சொன்னேன். ஸ்டுடியோ அறைக்கு உயரம் போதவில்லை என்று அப்பா எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அதன் தரையை இரண்டு படி கீழே இறக்கச் சொன்னேன். கதவுகளை எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டி, அதனால் சுவிட்சுகளையும் அடுத்த பக்கத்துக்கு மாற்றி, தரைக்கும் சுவருக்கும் ஒரே வெளிர் நிறம். எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கேட்டேன் என்று நீ நம்ப வேண்டும். டைல்ஸ் கொண்டுபோய்க் காட்டினால் சூப்பர் என்பார். பெயிண்ட் அட்டையை விரித்தால், நீ பாத்துச் செய் மேஸ்திரியம்மா, உன் ராஜ்யம். பெயிண்டர் கூட, சார் மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா, எங்க வீட்டுல ஒரு டப்பா பெயிண்டுக்கு ஒரு மாசம் சண்டை நடக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வெள்ளைத் திரைத்துணி வாங்க ஆறு கடை ஏறி இறங்கி, இது நீலம் கலந்த வெள்ளை, இது மஞ்சள் கலந்த வெள்ளை என்று என் உயிரை வாங்கிய ஆள், சொந்த வீட்டுச் சுவருக்கு ஏதோ ஒன்று போதும் என்கிறாரே, என் மேல் என்ன கோபம் என்று இரண்டு நாள் பேசாமல் கூட இருந்தேன். அட்டையில் இருக்கிற நிறங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

வேலை முடிந்த வாரம் நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான் சமையலறையில் இருந்தேன், அப்பா ஹாலுக்குள் வந்தார். கதவுக்கு வலப்பக்கம், பழைய சுவிட்ச் இருந்த இடத்தில், கையை வைத்துத் தடவினார். மேலே, கீழே, கொஞ்சம் தள்ளி, மறுபடி மேலே. அங்கே ஒன்றும் இல்லை, வழுவழுவென்று பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர். நான் அங்கிருந்தே சந்தோஷமாக, பூச்சு எப்படி, நல்லா வந்திருக்குல்லன்னு கத்தினேன். அவர் கையை எடுக்காமல், நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி மாதிரி இருக்கு என்றார். நான் பூரித்துப் போனேன்டி. அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை, போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரை நானும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் உனக்கு அனுப்ப அவரே கேமராவை எடுத்து அந்தப் படங்களை எடுத்தார். அப்பா என்ன புது ஸ்டைலா, பாதிப் படத்துல கூரைதான் இருக்கு, சோபா ஓடிப்போற மாதிரி ஓரத்துல நிக்குதுன்னு நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார், இப்ப இதுதான் ஃபேஷன்னு அந்தக் கழுதைக்கு எழுது என்றார். மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குள் கால் வைத்து, புதிதாக இறக்கிய அந்த இரண்டு படியில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் படி தெரியாமல் எப்படி விழுந்தீர்கள், கண்ணுக்கு யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெயரைச் சொன்னார். பதினான்கு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறாராம், படம் பிரிண்ட் போட லேப்புக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு. லென்ஸ் நடுவுல யாரோ கட்டைவிரலை வச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு, துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, கறை லென்ஸ்ல இல்லைன்னு, என்று ஆட்டோவில் வரும்போது சொன்னார். ஏன் சொல்லலை என்று கேட்டதற்கு, நம்ம வீடு மனப்பாடமா இருந்துச்சும்மா, சமாளிச்சுடலாம்னு நினைச்சேன் என்றார். அந்த வீட்டைத்தான் நான் இடித்துவிட்டேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இயற்பியல் பட்டம் வாங்கியவள், ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள், கூடவே படுத்து எழுந்த மனுஷனுக்குக் கண் போவது தெரியாமல் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் சுவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கட்டித் தரேன்மா, ஆனா அதே இடத்துல வரும்னு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு விரக்கடை அந்தண்ட இந்தண்ட இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரிந்தது கயிறும் முடிச்சும்தானே. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓட்டி, திருப்பத்துக்கு ஒரு முடிச்சு, கதவுக்கு இரண்டு, படிக்கு மூன்று என்று போட்டுக் கொடுத்தேன், நாலு நாள் வேலை, விரல் தோல் உரிந்துவிட்டது. அப்பா ஒரே ஒரு தடவை அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, என்னைக் கயித்துல கட்டி மேய்க்கப் போறியா, யாராவது வர்றதுக்குள்ள அவுத்துடு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவிழ்த்துவிட்டேன். இப்போது ஜன்னல் ஓரத்து நாற்காலிதான், எழுந்தால் என் தோள்தான். கேமராவை மாமாவிடம் கொடுத்து யாருக்காவது கொடு என்றாராம், மாமா தன் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறான்.

கண் டாக்டரிடம் நானே தனியாகப் போய்க் கேட்டேன். வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு ஊசி போடுகிறார்கள், போனது வராது, போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்க, அவர் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு, ஆறு மாசம்னு வச்சுக்குங்க, நான் எழுதித் தர முடியாது என்றார். நீ அடுத்த வருடம் நீண்ட விடுப்பு சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வருடம் வேண்டாம் தங்கம். போன வாரம் நீ முடி வெட்டிக்கொண்டு படம் அனுப்பினாயல்லவா, போனை அப்பாவிடம் காட்டி, பாருங்க உங்க மகளை என்றேன், நல்லா இருக்கு, பொருத்தமா இருக்கு என்றார். ரொம்ப நேரம் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மெதுவாக, எதுவரைக்கும் வெட்டியிருக்கா என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து என் கழுத்தில் வைத்துக் காட்டினேன். அவ்வளவு குட்டையா என்றார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், வேலையை விட்டுட்டு ஓடி வந்து நிப்பா, வேண்டாம் என்றார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். வேலையை விடாதே, நாலே நாலு நாள் கேள், கொடுக்காவிட்டாலும் கேள். நீ வந்தால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை, எதுவும் சரியாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, கண்ணை வருடத்துக்கு ஒரு தடவை காட்டு, இது மட்டும் அம்மாவுக்காக. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசில் பாதி உனக்கு.

ஒன்றே ஒன்று மறக்காதே. வரும்போது சொல்லாமல் வா. உள்ளே வந்ததும் அப்பா என்று கூப்பிட்டுவிடாதே, குரல் கேட்டுவிட்டால் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார், அதில் அவர் கெட்டிக்காரர். ஜன்னல் பக்கம், அவருக்கு இடப்புறம், கொஞ்சம் தள்ளிப் பேசாமல் நில். எவ்வளவு நேரம் ஆனாலும் நில். அவராகப் பார்க்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா