நீ பெயர் வைத்த மூன்று பார்ட்டிஷன்கள்

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், பெட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். நீ இருந்திருந்தால் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்கு கெளம்புதுப்பா, போறதுக்குள்ள புதுசுல ஏத்திடலாம்" என்றிருப்பாய். நான் தனியாகக் காதை வைத்துக் கேட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாயோ அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் நாம் இரண்டு பெண்கள் சேர்ந்து டிசைன் கடை போட்டபோது, ஆறு மாதம் தாங்காது என்று என் வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பட்டுச் சேலைக்கு வேண்டிய பூவையும் அன்னத்தையும் யாளியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, பென் டிரைவில் போட்டுக் கொடுப்போம். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்து நூலைத் தூக்கும். லினக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீ. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். நீயோ காலையில் வந்து உட்கார்ந்ததும், காபிக்கு முன்னால் lsblk -f என்று அடிப்பாய். எந்த டிஸ்க் இருக்கிறது, அதில் எத்தனை பார்ட்டிஷன், அதாவது பிரிவு, எதற்கு என்ன பெயர், எது திறந்திருக்கிறது என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

"தினம் என்னத்தைப் பாக்கற? ராத்திரியில டிஸ்கு எழுந்து ஓடிடுமா?" என்று கேலி செய்வேன்.

"நேத்து பார்த்தது நேத்தோட போச்சுப்பா. இன்னிக்கு என்ன மாட்டிக்கினு இருக்குதுன்னு இன்னிக்குத்தான் பாக்கணும்" என்பாய். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்க மாட்டாய்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் துணிப்பையில் பழைய டிஸ்கைச் சுற்றி எடுத்துவந்தது நினைவிருக்கிறதா? மகள் கல்யாணச் சேலைக்கு அவர் ஆசையாக வரைந்து வைத்திருந்த முந்தி டிசைன் அதில்தான் இருந்தது. "எதுவும் தெரியலம்மா. காலியா இருக்குது, தூக்கிப் போடுன்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்றார். பாவம், நின்றுகொண்டே பேசினார். நாம் மாட்டிப் பார்த்தபோது ஃபைல் பார்க்கும் ஜன்னலிலும் ஒன்றும் வரவில்லை. நானும் போயேபோச்சு என்றுதான் நினைத்தேன். நீ உன் lsblk-ஐ அடித்தாய். டிஸ்கின் பெயருக்குக் கீழே ஒரு பிரிவு கிளையாகத் தெரிந்தது. திறந்திருக்கும் இடத்தைச் சொல்லும் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இருக்குதுண்ணா, இன்னும் வெளிய வரல, அவ்ளோதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "உங்க அத்தி வரதர் குளத்துக்குள்ள இருக்கறப்போ, இல்லன்னா சொல்றீங்க?" திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண், எங்கள் பெருமாளை வைத்தே எனக்குப் பாடம் எடுத்தாய். பிறகு ஒரு வரி அடித்து அந்தப் பிரிவைத் திறந்தாய். முந்தி முழுசாக இருந்தது. அந்த மனிதர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

நம் டிஸ்கை நீ மூன்றாகப் பிரித்ததும் அந்த வாரம்தான். "சேலையை வெட்டாமலே மூணு பாகம் சொல்றோம் இல்லியா, இதுவும் அப்படித்தான்" என்று சொல்லி, ஆங்கில எழுத்தில் உடல், கரை, முந்தி என்று பெயர் வைத்தாய். உடலில் சிஸ்டம், கரையில் முடித்த டிசைன்கள், முந்தியில் வரைந்துகொண்டிருப்பவை. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் நீ பாதி வரைந்த அன்னம் அந்த முந்தியில்தான் இருக்கிறது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

அதனால்தான் இன்று எனக்கு அவ்வளவு பயம். பழைய டிஸ்கைப் புதியதில் அப்படியே நகலெடுக்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றி அடித்தால், வெற்று டிஸ்க் உன் அன்னத்தின் மேல் படிந்து எல்லாம் அழிந்துவிடும். இந்த வேலையை எப்போதும் நீதான் செய்வாய். புதியதை மாட்டி, பழைய டிஸ்கைத் தொடாமல் இருக்கப் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயரில் நம் பழைய டிஸ்க் எப்போதும் sda தான், நீ அடிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கட்டளையும் மனப்பாடம். அடிக்கப்போன கை தானாக நின்றது. நீ சொன்னபடி முதலில் lsblk அடித்துப் பார்த்தேன்.

sda என்ற வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. sdb-க்குக் கீழே உடல், கரை, முந்தி.

இடம் மாறியிருந்தது; இன்று புதியதுதான் sda, நம் பழையது sdb. நேற்றுப் பார்த்ததை நம்பியிருந்தால் உன்னை இன்னொரு முறை இழந்திருப்பேன். நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, sdb-யிலிருந்து sda-வுக்கு என்று அடித்து, என்டரைத் தட்டினேன். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. என்னை இப்படி ஆக்கிய உன்னை நினைத்து அதைவிடப் பெருமை.

பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட்டாக வேண்டும், உங்கள் ஜைன வீட்டு வழக்கம். அதனால் வெளிச்சத்திலேயே முடியாத எந்த வேலையையும் நம் கடையில் நீ தொடங்க விட்டதில்லை. இன்றும் வெயில் இருக்கும்போதே நகல் முடிந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதில் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூன்று பெயரும் வந்தன. முந்தியைத் திறந்தேன். உன் அன்னம் ஒரு சிறகோடு நின்றது. இரண்டாவது சிறகின் முதல் கட்டத்தை நான் வைத்தேன்.

பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த வழக்கம் இல்லை. நீ போனதிலிருந்து எனக்கு இருக்கிறது.