மரம் வந்த வழி

2007 மார்ச் 6

பாடசாலை மேசை, கதிரை ஓடர் இந்த வருஷமும் நமக்கே. கல்விக் கந்தோரில் கடிதத்தோடு ஒரு புதுத் தாளும் தந்தார்கள். அரசாங்கம் வாங்குகிற தளபாடத்துக்கு இனிக் காட்டு மரம் கூடாதாம். எந்த இடத்தில் வெட்டிய மரம் என்று ஒவ்வொரு லோட்டுக்கும் பர்மிட் காட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். நம் பலாபத்வலயில் எத்தனை தச்சுப் பட்டறைக்கு ஒத்துவருமோ.

மார்ச் 9

தம்பி ஜைனுதீனிடம் சொன்னேன். பதினொரு வருஷமாக வில்கமுவயிலிருந்து நமக்கு மரம் ஏற்றி வருவது அவன்தான். "பர்மிட் தானே ராத்தா, கொண்டாறேன்" என்றான்.

ஏப்ரல் 18

மூன்று லோட் இறங்கிவிட்டது. பருத்த ஹல்மில்ல மரக் கட்டைகள். நாற்பது மேசை அனுப்பியாயிற்று.

மே 3

கந்தோருக்குக் கொடுக்கப் பர்மிட்டுகளை அடுக்கினேன். மூன்றிலும் ஒரே நம்பர், வீட்டு வளவில் வெட்டிய மரம் என்று. திகதியை மட்டும் அழித்து எழுதிக் கொப்பி எடுத்திருக்கிறது.

எழுதினவரின் பிழையோ? இல்லை. மரம் இறங்கின அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வீட்டு வளவில் யாரிடம் இவ்வளவு பருத்த ஹல்மில்ல இருக்கு? பாக்க விரும்பல்ல. அவ்வளவுதான்.

மே 4

கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"அங்க எல்லாரும் இப்பிடித்தான் ராத்தா. வயல் காஞ்சா அந்தச் சனம் காட்டுல மரம் இழுத்துத்தான் திங்குது. நான் எடுக்காட்டி இன்னொருத்தன் எடுப்பான்."

"இது சரின்னு நான் கையெழுத்து வெக்கணுமேடா."

"வெய்ங்க. யாரு பாக்கப் போறாங்க?"

என் வீட்டுக்காரர் மௌத்தாகி அடக்கின கிழமை, பட்டறை நிக்கக் கூடாதுன்னு லொறியோட வந்து நின்னவன் அவன். அவனுக்குப் போய் நான் எப்பிடி —

மே 8

கையெழுத்து வைக்கவில்லை.

மே 11

கந்தோருக்குப் போனேன். இந்த மரம் வந்த இடத்தைக் காட்ட என்னால் முடியாது என்று சொன்னேன். அதிகாரி ஓடர் பைலை எடுத்து விரித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார், கொண்டு வந்தது யார் என்று.

என் தம்பி என்றேன்.

நாற்பது மேசையும் திரும்பி வரும். ஜூலை முடியுமுன் வேறு மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். ஓடரின் மீதிப் பாதி இன்னொரு பட்டறைக்கு.

மே 20

ஜைனுதீன் வந்தான். கேட் அருகிலேயே நின்றான். கந்தோர் வேலைக்கு இனி அவன் மரம் எடுபடாது. இந்தக் கதை கேட்டு, மாத்தளையில் மற்ற இரண்டு பட்டறைக்காரரும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"நாப்பது மேசைக்கு என்னய வித்துட்டீங்க ராத்தா."

தேத்தண்ணி ஊத்தினேன். குடிக்கல்ல.

ஜூன் 2

நம் மூத்த தச்சர் அழகையாண்ணன் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். அவர் தங்கச்சி பாப்பம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். அங்கே நிழலுக்கு வைத்த பழைய சில்வர் ஓக் மரங்களை, தோட்டத்தார் சவுக்கு என்பதை, வெட்டுகிறார்களாம். "தோட்டத்துத் தொரை பர்மிட் பேப்பரோட குடுக்குறாரு தங்கச்சி. ஆனா மரம் லேசு. ஆணி அடிச்சா பொளந்துரும்" என்றார் என்னிடம்.

"அப்ப என்னண்ணே செய்றது?"

"ஆணிக்குப் பதிலா ஓட்டை போட்டு மரமுளை வெச்சு இறுக்குவோம். நாள் புடிக்கும்."

ஜூலை 27

நாற்பதும் ஒப்படைத்தாயிற்று. ஒரு கால்கூட ஆடவில்லை.

ஓடர் பாதியானதில் பட்டறையில் வேலை செய்த பழனிமுத்துவும் பாறூக்கும் வேறு வேலை தேடிப் போனார்கள். இல்லை, நான்தான் போகச் சொன்னேன். அப்படி எழுதினால்தான் சரி.

ஆகஸ்ட் 30

வில்கமுவயில் தம்பி வீட்டுக்குப் போனேன். ஆமி செக்பொயின்டில் இரண்டு தரம் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கடைசி பஸ் வராமல் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி நூருன்னிஸா பாய் விரித்து உட்காரச் சொன்னாள்.

"லொறிய உங்க தம்பி வித்துட்டாங்க மதினி. கட்டாருக்கு வேலைக்குப் போறாங்களாம்."

அவள் முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அக்டோபர் 14

நோன்புப் பெருநாள். நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளோடு வந்தான், சாப்பிட்டான். வியாழக்கிழமை பயணமாம்.

வாசலில் சொன்னான்: "கோவம் போகல்ல ராத்தா. ஆனா சொல்லாமப் போக ஏலா."

மாப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. கந்தோரில் சொன்னதற்கா? இவ்வளவு காலம் பாராமல் இருந்ததற்கா? அவன் தலையைத் தடவிவிட்டேன், சின்னதில் செய்கிற மாதிரி. அவன் விலகவில்லை.

2008 ஜனவரி 22

புது வருஷ டெண்டர் தாள் நிரப்பினேன். மரம் வழங்குபவர் பெயர் என்று ஓர் இடம். யோசிக்காமல் 'ஜை' என்று எழுதிவிட்டேன்.

கந்தோரில் வேறு தாள் தரமாட்டார்கள். ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்தேன். அதன் கீழே தோட்டத்தின் பெயரை எழுதினேன்.