ஜலீலாவின் தண்டால்

மட்டாஞ்சேரி
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள மச்சானுக்கு உங்கள் ஜலீலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நௌரினும் உங்கள் அக்கா மைமூன் மதினியும் இங்கே சுகம். தோஹாவில் நீங்களும் உங்கள் ரூம்காரர்களும் சுகமாக இருக்க துவா செய்கிறேன்.

தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேச முடிகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் பேனாவைத் தேடி எடுக்கப் போகிறேன்? இந்தப் பக்கம் மதினி தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரே ரூமில் ஆறு பேர், போதாக்குறைக்கு ஸ்பீக்கர் வேற. உங்கள் ரூம்காரர் பரீதிக்கா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறார். இறைச்சி அச்சாறு பாட்டிலைச் சுற்றின துணிக்குள் இதை வைத்து அவரிடம் கொடுக்கிறேன். இங்கே யார் பிரித்துப் பார்த்தாலும் பயமில்லை. இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது நீங்களும் நானும்தான். மதினிக்கும் நௌரினுக்கும் மலையாளம்தான் ஓடும்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சொன்னீர்கள், நோய் ஒன்னும் இல்லேன்னா அல்ஹம்துலில்லாஹ், ஆனா அந்தக் கசரத்தை எல்லாம் இன்னையோட நிறுத்திடு, வயிறார சாப்பிடு, நான் விட்டுட்டு வந்த ஜலீலாவாவே இரு என்று. மதினி பக்கத்தில் இருந்தார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

இதைத் தொடங்கி வைத்தது உங்கள் மகள். கூட்டுக்காரி யாரோ சொன்னாள் என்று போனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு ஹாலில் குதித்தாள். ஒரே வாரம். அப்புறம் முட்டி வலிக்குதும்மா என்று சோபாவில் சாய்ந்துவிட்டாள். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போன நான் நின்று பார்த்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானும் செய்து பார்த்தேன்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை மச்சான். அதற்கு முந்தின மாதம் காயல் பொங்கி வேலியேற்றத் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு நடந்த முழுக்கதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. அரிசிச் சாக்கைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்க எனக்கும் மதினிக்கும் முடியவில்லை. ஒரு ஆம்பளை வருவாரா என்று தெருவில் தண்ணீருக்குள் நின்றேன். பக்கத்து வீட்டுச் சேட்டன் ஓடி வந்து தூக்கிக் கொடுத்தார், தங்கமான மனுஷர். ஆனால் அவர் வருவதற்குள் சாக்கில் பாதி நனைந்துவிட்டது. அரிசி போனால் போகிறது. ஒரு குடும்பத்தை இத்தனை வருஷமாகத் தனியாக நடத்துகிறவளால் ஒரு சாக்கை நகர்த்த முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் சுவரில் கை ஊன்றித்தான் தண்டால் எடுத்தேன். பிறகு கட்டில் விளிம்பில். அதற்குப் பிறகு தரையில், முட்டியை ஊன்றி. முட்டி ஊன்றாமல் ஒரு முழுத் தண்டால் எடுத்த அன்று எழுந்திருக்காமல் தரையிலேயே கிடந்து சிரித்தேன். காலியான வெளிச்செண்ணெய் கேன் இரண்டில் மணலை நிரப்பிக் கைக்கு ஒன்றாகத் தூக்குகிறேன். மதினி ஒருநாள் பார்த்துவிட்டு இது எதுக்குடி மணலு என்று கேட்டார்கள். ரோஜாச் செடி வைக்க என்று சொன்னேன். இன்னமும் ரோஜாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

கையில் பலம் சீக்கிரமே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியத்தான் நாளானது. உள்ளே சதை முறுகி இருந்தாலும் மேலே கொழுப்பு போர்த்தியிருந்தால் வெளியே தெரியாதாம், வீடியோக்காரி சொன்னாள். அதனால் சோறு ஒரே ஒரு தவிக் கரண்டி, மத்தி மீனோ அயிலையோ பொரிக்காமல் மாங்காய் போட்டுக் கறி, அவித்த கடலை, தினம் முட்டை. பஜார் ரோட்டில் முட்டைக்கடை வைத்திருக்கிற பிச்சைமணி அண்ணன், நம்ம தேனிப்பக்கத்து ஆள், அட்டை அட்டையாக நான் வாங்குவதைப் பார்த்து, பேக்கரி தொடங்கிட்டியா தாயி என்று கேட்டார். பட்டினி கிடக்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். முன்னைவிட நல்லாவே தின்கிறேன். பரோட்டாவும் பழம்பொரியும் சீனியும்தான் இல்லை.

அந்தச் சீனியில்தான் வினை பிடித்தது. ஒரு வீட்டுக்குப் போய், சாயாவில் சீனி வேண்டாம் என்று நம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். சுகர் வந்துட்டுதா மோளே என்பார்கள். இல்லை என்றால், பின்னே என்ன சடவு என்பார்கள். சொல்லி மாளாமல் ஒரு வீட்டில், ஆமா, லேசா இருக்கு என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரன் அரபு நாட்டில் இருக்க, பொண்டாட்டி மெலிந்தால் நம் ஜனங்கள் இரண்டுதான் நினைக்கும். அவளுக்கு நோய், இல்லாவிட்டால் அவனுக்கு அங்கே இன்னொரு குடித்தனம். உங்கள் மானத்துக்கு நோயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ரமலான் வந்ததும், அதுவரை சேர்த்த பலமெல்லாம் கரைந்துவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி, முட்டை. சமூசாத் தட்டை நௌரின் பக்கம் தள்ளிவிடுவேன். தண்டாலைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. பெருநாளைக்கு முந்தின வாரம் காலையில் அலமாரிக் கண்ணாடி முன்னால் தலை சீவக் கையைத் தூக்கினேன். தோளுக்குக் கீழே ஒரு வரி. நிழலாக இருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். வரிதான்.

மச்சான், இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு அன்றைக்கு அத்தனை சந்தோஷம். இந்த உடம்பில் நிறம் என் அம்மா தந்தது, உயரம் அத்தா தந்தது, பெருத்தது பிள்ளை பெற்றதால். நானாகச் செய்து வந்தது இந்த ஒன்றுதான்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் தீர்ந்தது என்பீர்கள். உங்கள் ரூமில் ஒருத்தர் போனை இன்னொருத்தர் எடுத்து நோண்டுகிற பழக்கம் எனக்குத் தெரியாதா. தலையில் துணி போடாமல் வாசலுக்கு வராதவள் நான். ஆகவே எழுத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கையை மடக்கினால் புஜத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு மேடு எழும்பும். முதுகு எனக்குத் தெரியாது, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று நௌரின் சொல்கிறாள். வயிறு மட்டும் சொல்பேச்சு கேட்கவில்லை. அவளைக் கீறி எடுத்த தையலுக்கு மேலே ஒரு மடிப்பு அப்படியே இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மேட்டைத்தான் மதினி கட்டி என்று நினைத்துவிட்டார்கள். நம் சொந்தத்தில் ஹிஸானா கல்யாணத்துக்குப் புறப்படும்போது எனக்கு வளையல் போட்டுவிட்டார்கள். வளையல் நுழையாமல் வலித்ததில் நான் முஷ்டியை இறுக்கிக் கையை மடக்க, மேலே பிடித்திருந்த அவர்கள் கையில் அது கல் மாதிரி தட்டுப்பட்டது. பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நாளாடி இது இருக்கு என்று கேட்ட குரலே வேறு. நான் அசட்டுத்தனமாக, ஒரு மாசத்துக்கு மேலா மதினி, ஒன்னும் இல்லை, விடுங்க என்றேன்.

ஒன்னும் இல்லை என்ற அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் தங்கை சுஹராவும் அதையேதான் சொன்னாள். அக்குளில் கட்டியை வைத்துக்கொண்டு ஒன்னும் இல்லை, ஒன்னும் இல்லை என்று எல்லாரிடமும் மறைத்துத்தான் நம்மைவிட்டுப் போனாள். மெலிந்த உடம்பு, சீனி இல்லாத சாயா, பொத்திப் பொத்தி வைத்த கை, எல்லாவற்றையும் மதினி ஒரு நொடியில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கே போகவில்லை. ஷானவாஸே, உன் பொண்டாட்டியும் மறைக்கிறாளேடா என்று அழுதுகொண்டே உங்களுக்குப் போன் போட்டார்கள். வைட்டிலா போய் பஸ் மாறி டாக்டரம்மாவைப் பார்க்கிற வரைக்கும் என் கையை விடவில்லை.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். நீட்டினால் காணோம், மடக்கினால் வருகிறது. தினம் என்ன செய்றீங்க என்று கேட்டார். மதினி இருக்கும்போது எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு தண்டால் என்றேன். அவர் சிரித்துவிட்டு மதினியிடம், இது கட்டி இல்லை, உம்மா, கைபலம், உங்க வீட்டில் யாருக்கும் இல்லாதது என்றார். அப்படியும் மதினி ஸ்கேன் எடுக்காமல் எழுந்திருக்கவில்லை. அதிலும் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி என் மடியில் தலையை வைத்து அழுதுவிட்டார்கள். எனக்கும் கண் நிறைந்தது.

வீடு வந்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது. உடம்பை முறுக்கி வெச்சுக்கிட்டு என் உசுரை வாங்கினியேடி என்று நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவித்த முட்டை ஒரு கிண்ணம் வந்தது. எல்லாம் வெள்ளை மட்டும். மஞ்சள் எங்கே மதினி என்று கேட்டேன். மஞ்சள் கொழுப்பு, உனக்கு ஆகாது என்று சொல்லித் தான் தின்றுவிட்டார்கள். இப்போது தினமும் அப்படித்தான். மஞ்சளும் எனக்கு ஆகும் என்று நான் சொல்லவில்லை, ஆசையாகத் தின்கிறார்கள். நேற்று கேஸ் சிலிண்டரை நானே உருட்டாமல் தூக்கி அடுக்களைக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்து வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆக இங்கே எல்லாரும் சமாதானம். பாக்கி இருப்பது நீங்கள் ஒருத்தர்தான்.

விட்டுட்டு வந்த ஜலீலா வேணும் என்றீர்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது, நான் சொன்ன சரியில் பாதி அதற்காகத்தான். ஆனால் அந்த ஜலீலா தண்ணீரில் நின்று ஆள் தேடினவள். அவளை நான் திரும்பக் கொண்டுவர மாட்டேன், மச்சான். நீங்கள் மட்டும் போனபடியேவா இருக்கிறீர்கள்? வீடியோவில் உங்கள் தொந்தி எனக்கு முன்னால் வந்து ஸலாம் சொல்கிறது. நெற்றி பின்வாங்கிக்கொண்டே போகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? வருகிறவர் எப்படி வந்தாலும் என் மச்சான்தான் என்று இருக்கிறேன்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர உள்ளே பயம்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் வந்து, ரூம் கதவைச் சாத்தினபிறகு, என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னாடி ஆம்பளைக் கை மாதிரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. ஊர் என்ன சொன்னாலும் சிரித்துத் தள்ளுவேன். அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்க மட்டும் எனக்குப் பலம் இல்லை. இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை.

நௌரின் கணக்கில் மட்டும் கொஞ்சம் மோசம், டியூஷன் பார்த்திருக்கிறேன். அடுக்களை ஓடு மாற்றியாயிற்று, மழை வந்தாலும் கவலையில்லை. அச்சாறை நீங்களே ஒரே வாரத்தில் காலி செய்யாதீர்கள், பரீதிக்காவுக்கும் கொடுங்கள்.

உங்களை ஆரோக்கியத்தோடும் நல்ல மனசோடும் என்னிடம் கொண்டுவந்து சேர்க்க அல்லாஹ் போதுமானவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை வாசித்ததும் பதில் எழுத வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம். சனிக்கிழமை போன் பண்ணும்போது, சுகமா, சாப்பிட்டியா என்று கேட்பீர்கள் அல்லவா, அதோடு சேர்த்து, இன்னைக்குத் தண்டால் எத்தனை எடுத்தே என்றும் கேளுங்கள். மதினி கேட்கட்டும், உங்கள் ரூமில் எல்லாரும் கேட்கட்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் அன்றைக்கு நான் எடுத்திருப்பேன். ஆனாலும் நீங்கள் கேட்கணும்.

என்றும் உங்கள்
ஜலீலா